கடலூர் மண்ணுக்கு அடியில் எத்தனை டிகிரி?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை வீட்டில் மண்ணுக்குள் குழாய் பதித்து, அதிலிருந்து வெப்பத்தை எடுத்துக் குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்குகிறார்கள். அதையே திருப்பிப் போட்டால் இங்கே வீட்டைக் குளிர வைக்கலாமே என்று தோன்றியது. விசாரித்தபோது ஒருவர், “3 மீட்டர் தோண்டினால் போதும், வருஷம் பூரா 20 டிகிரிதான்” என்றார். உண்மையா? மண்ணின் வெப்பநிலையை நாமே அளந்து பார்க்க வழி உண்டா?

பதில்:

20 டிகிரி கிடையாது. கடலூரிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. 3 மீட்டரிலும் இல்லை, 30 மீட்டரிலும் இல்லை. அந்த எண்ணை நம்பிக் குழாய்க்குப் பணம் கட்டிவிடாதீர்கள். ஆனால் நாமே அளந்து பார்க்கலாமா என்று கேட்டீர்களே, அது அருமையான கேள்வி. அளக்கலாம், பெரிய செலவும் ஆகாது. மண்ணுக்கடியில் மின் கேபிள் புதைக்கும் வேலைகளுக்காக மண் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்று அளந்து பல வருடங்கள் கழித்தவன் நான். வீட்டுக்குக் குழாய் பதிப்பதற்கும் அதே கணக்குதான், அதே கருவிகள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் கிணறு வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. மார்கழி விடியற்காலையில் இறைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை மத்தியானத்தில் அதே கிணற்றுத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கிணறு கோடையில் குளிர்ந்து குளிர்காலத்தில் சூடாவதில்லை. தண்ணீர் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் நிற்கிறது, வெளிக்காற்றும் நம் உடம்பும்தான் மாறுகின்றன. மார்கழி, தை விடியலில் காற்று 21 டிகிரிக்கு இறங்கும்போது 28 டிகிரித் தண்ணீர் வெதுவெதுப்பு. கத்திரி வெயிலில் காற்று 37, 38 என்று ஏறும்போது அதே 28 குளிர்ச்சி. உங்களிடம் 20 டிகிரி என்று சொன்னவரும் ஒருவேளை வைகாசியில் குழி தோண்டிக் கையை வைத்துப் பார்த்திருப்பார். புதிதாகத் தோண்டிய ஈர மண்ணிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதுவும் சேர்ந்து கையைக் குளிரச் செய்யும். கை நல்ல வெப்பமானி இல்லை.

மண்ணின் ஆழ வெப்பநிலை எங்கிருந்து வருகிறது? வீட்டுக்குத் தேவையான ஆழத்தில் அது முழுக்க முழுக்க மேலே அடிக்கும் வெயிலின் கணக்கு. பூமியின் உள்வெப்பம் கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி என்ற வேகத்தில்தான் ஏறும், அதாவது 10 மீட்டருக்குக் கால் டிகிரி. ஆகவே ஒரு இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலை எவ்வளவோ, அதோடு ஒன்று ஒன்றரை டிகிரி கூட்டினால் 10, 15 மீட்டர் ஆழத்து மண்ணின் வெப்பநிலை கிட்டத்தட்ட வந்துவிடும். ஜெர்மனியில் ஆண்டுச் சராசரி 10 டிகிரியை ஒட்டி இருக்கிறது, மண்ணும் அப்படியே. வெளியே பனி கொட்டும்போது 10 டிகிரி மண் என்பது அவர்களுக்கு ஒரு வெப்பச் சுரங்கம். நம் பக்கத்தில் ஆண்டுச் சராசரி 28. அப்படியென்றால் மண் 28க்கும் 30க்கும் நடுவில் எங்கோ நிற்கும். தங்கை வீட்டில் நன்றாக வேலை செய்யும் ஒன்று உங்கள் வீட்டில் ஏன் தடுமாறும் என்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு கட்டுகிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அங்கே வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவையே உண்டு.

இந்த அளவீட்டுக்குப் பழைய வரலாறு உண்டு. பாரிஸ் வானாய்வகத்தின் அடியில் ஏறக்குறைய 28 மீட்டர் ஆழத்தில் நிலவறைகள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே செய்த நுட்பமான வெப்பமானியை அங்கே வைத்தார்கள். மேலே வெயிலோ பனியோ, கீழே அது 12 டிகிரியை ஒட்டியே நின்றது. அப்புறம் 1837இல் எடின்பரோவில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற இயற்பியலாளர் மூன்று இடங்களில் நீளத் தண்டு வைத்த வெப்பமானிகளை மண்ணுக்குள் இறக்கினார். ஒன்று எரிமலைப் பாறை, ஒன்று மணல், ஒன்று மணற்கல். ஆழம் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி. பல ஆண்டு அளவுகளை எடுத்துப் பின்னர் கெல்வின் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டார். கோடையின் உச்சம் 24 அடிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அரை ஆண்டு ஆகிறது என்றும், மண்ணின் வகை மாறினால் அந்த வேகமும் மாறுகிறது என்றும் அந்த அளவுகள் காட்டின. ஒரே ஊரில் மூன்று இடம், மூன்று விதம்.

கடலூரும் அப்படித்தான். உங்கள் மஞ்சக்குப்பம் கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவில் இருக்கும் வண்டல் நிலம். மணலும் களியும் மாறி மாறி வரும், தண்ணீர் மேலேயே கிடைக்கும். கிழக்கே தேவனாம்பட்டினம் போனால் கடல் மணல். மேற்கே கேப்பர் மலையில் செம்மண்ணும் சரளையும், அதற்கடியில் நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கும் பாறையும். புதுச்சேரியில் காலாப்பட்டு, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடும் இதே இனம்தான், பாகூர் பக்கம் வண்டல். ஈரமான மணல் மீட்டருக்கு டிகிரிக்கு 2.4 வாட் அளவுக்கு வெப்பத்தைக் கடத்தும். அதே மணல் முழுக்கக் காய்ந்துவிட்டால் 0.4. ஆறு மடங்கு வித்தியாசம்! மணல் துகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கிறதா காற்று இருக்கிறதா என்பதுதான் காரணம். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் பக்கத்து ஊர்க்காரர் அளந்த எண் உங்களுக்கு உதவாது. உங்கள் மனையில் அளக்க வேண்டும்.

சரி, அளப்பதற்கு வருவோம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. ஆழத்து மண்ணின் நிலையான வெப்பநிலை, மேல்மண்ணில் ஆண்டு முழுக்க அது எப்படி ஏறி இறங்குகிறது, கடைசியாக, நாம் வெப்பத்தை உள்ளே தள்ளினால் மண் அதை எவ்வளவு வேகமாக வாங்கிப் பரப்புகிறது. முதல் இரண்டுக்கும் வீட்டிலேயே வழி இருக்கிறது. மூன்றாவதுக்குக் கருவியும் ஆளும் வேண்டும்.

முதலாவது சுலபம். வீட்டுக்கு எப்படியும் போர் போடுவீர்கள். அதே ஆட்களிடம் சொல்லி, வண்டல் மண் என்பதால் கைபோரிலேயே 15 மீட்டர் வரை ஒரு சின்னத் துளை போடச் சொல்லுங்கள். அடிப்பக்கம் மூடிய ஒரு அங்குல பிவிசி குழாயை இறக்கி, சுற்றி மணலால் நிரப்பி, குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி மேலே மூடிவிடுங்கள். இரும்புக் குழாய் வேண்டாம், அது மேலிருக்கும் சூட்டைத் தானே கீழே கடத்தும். துளை போட்ட அன்றே அளக்காதீர்கள். துளையிடும்போது ஏற்பட்ட உராய்வு, ஊற்றிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து மண்ணைக் கலைத்திருக்கும். இரண்டு வாரம் விடுங்கள். பிறகு ஒரு சென்சாரை மீட்டர் மீட்டராக இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் அரை மணி நேரம் நிறுத்தி எழுதுங்கள். இறக்கிக்கொண்டே போக வேண்டும், ஏற்றிக்கொண்டே வந்தால் சென்சாரும் கம்பியும் தண்ணீரைக் கலக்கிவிடும். 8, 10 மீட்டருக்குக் கீழே எண் மாறாமல் நின்றுவிடும். அதுதான் உங்கள் நிலத்தின் நிலையான வெப்பநிலை. அகலமான பழைய கிணற்றில் அளந்து இந்த எண்ணை எடுக்கக் கூடாது. அங்கே இரவில் குளிர்ந்த மேல் தண்ணீர் கீழே இறங்கிக் கலந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவதுக்குப் பொறுமை வேண்டும். 10 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் என்று ஐந்து ஆழத்தில் ஐந்து சென்சார், மணிக்கு ஒருமுறை பதிவாகும்படி. வானிலைத் துறையின் வேளாண் நிலையங்களில் 5, 10, 20 சென்டிமீட்டரில் மண் வெப்பமானி வைத்திருப்பார்கள். பயிருக்கு அது போதும், குழாய்க்குப் போதாது. மேலே இருக்கும் சென்சார்களை, ஒரு குழி வெட்டி அதன் கலையாத பக்கச் சுவரில் கிடைமட்டமாகக் குத்தி வைக்க வேண்டும். குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளி மூடினால், நீங்கள் அளப்பது தளர்ந்த மண்ணை. வெட்டி எடுத்த மண்ணை வந்த வரிசையிலேயே திரும்பப் போட்டு இடித்து இறுக்குங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: 3 மீட்டர் ஆழத்துக்கு யாரையும் குழியில் இறக்காதீர்கள். வண்டலும் மணலும் எச்சரிக்காமல் சரியும், ஆள் போய்விடும். 1 மீட்டருக்குக் கீழே போக வேண்டிய சென்சார்களைக் கைத்துளை போட்டு இறக்குங்கள்.

எந்த இடத்தில் என்பதும் முக்கியம். வேப்பமர நிழலில் ஒரு எண் வரும், வெட்டவெளியில் வேறு வரும், சிமெண்ட் தளத்துக்கு அடியில் இன்னொன்று. குழாய் எங்கே போகப் போகிறதோ அங்கேயே வையுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்தில் வேண்டாம்.

சென்சார் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன், ஏனென்றால் இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். நாம் தேடும் மாற்றம் மிகச் சின்னது. 3 மீட்டரில் ஆண்டு முழுக்க ஏற்ற இறக்கம் சேர்த்தே 2 டிகிரிதான் இருக்கும். கடையில் எளிதாகக் கிடைக்கும் டிஎஸ்18பி20 சென்சார் அரை டிகிரி அங்கே இங்கே பிசகலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஐந்து சென்சாரும் ஐந்து விதமாகப் பிசகினால், மண்ணைப் பற்றி எதுவும் தெரியாது, சென்சாரைப் பற்றித்தான் தெரியும். அதற்கு வழி, புதைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ரப்பர் பேண்டால் ஒன்றாகக் கட்டி, பெரிய வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் பதிவு செய்வது. ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி வைத்துக்கொண்டு, பிறகு கணக்கில் கழித்துவிடலாம். இன்னொரு முறை ஃபிளாஸ்க்கில் பொடித்த ஐஸும் கொஞ்சம் சுத்தமான தண்ணீரும் போட்டு அதில் முக்குங்கள், 0 டிகிரி காட்ட வேண்டும். உப்பு கலந்த ஐஸ் கூடாது, மீன் மார்க்கெட் ஐஸ் வேண்டவே வேண்டாம்.

பிளாட்டினம் வகை, அதாவது பிடி100 வாங்கினால் இன்னும் துல்லியம். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு அதன் மின்தடை 0.385 ஓம்தான் மாறும். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 மீட்டர் இழுத்தால், போகவும் வரவும் 20 மீட்டர், அதன் தடையே கிட்டத்தட்ட 0.7 ஓம். இரண்டு கம்பி இணைப்பில் அது அப்படியே வெப்பநிலையில் சேர்ந்து ஏறக்குறைய 2 டிகிரி அதிகமாகக் காட்டும். நான்கு கம்பி இணைப்பில் இந்தத் தொல்லை கிடையாது. அப்புறம் கடலோர மண்ணின் உப்பு. தண்ணீர் புகாது என்று விற்கும் சென்சாரில்கூட மூடியும் கம்பியும் சேரும் இடத்தில் உப்புநீர் புகுந்துவிடும். எபாக்ஸி ஊற்றி, வெப்பத்தில் சுருங்கும் குழாயை இரண்டு அடுக்காகப் போடுங்கள். 3 மீட்டரில் போன சென்சாரைத் திரும்ப எடுக்க முடியாது.

இப்போது பதிவானதை எப்படிப் படிப்பது? பகல் இரவு வெப்பமும் சரி, ஆண்டு வெப்பமும் சரி, மண்ணுக்குள் அலையாக இறங்குகின்றன. இறங்க இறங்க உயரம் குறையும், தாமதமும் கூடும். குறிப்பிட்ட ஒரு ஆழத்துக்கு ஒருமுறை அலையின் உயரம் சுமார் 37 சதவீதமாகச் சுருங்கும். அதைத் தணிவு ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஈர மண்ணில் பகல் இரவு அலைக்குத் தணிவு ஆழம் 13 சென்டிமீட்டர், ஆண்டு அலைக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர்.

ஒரு உதாரணம். 10 சென்டிமீட்டரில் சராசரிக்கு மேலும் கீழும் 5 டிகிரி ஆடுகிறது, 30 சென்டிமீட்டரில் 1.05 டிகிரிதான் ஆடுகிறது என்று வைப்போம். 5ஐ 1.05ஆல் வகுத்து அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln பொத்தான்) எடுத்தால் 1.56. இடைவெளி 20 சென்டிமீட்டரை அதனால் வகுத்தால் 12.8. இதுதான் தணிவு ஆழம். சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. அதே மண்ணில் அலை 20 சென்டிமீட்டர் இறங்க சுமார் 6 மணி நேரம் ஆக வேண்டும். 10 சென்டிமீட்டரில் உச்சம் மாலை 4 மணிக்கு வந்தால், 30 சென்டிமீட்டரில் இரவு 10 மணிக்கு வர வேண்டும். உயரம் சொல்வதும் தாமதம் சொல்வதும் ஒத்துப்போனால் உங்கள் அளவீடு நன்று. ஒத்துப்போகவில்லை என்றால் சென்சார் நகர்ந்திருக்கும், இல்லாவிட்டால் மழைநீர் இறங்கி வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இது நடக்கும், அந்த நாட்களின் பதிவை இந்தக் கணக்குக்குள் சேர்க்காதீர்கள். இப்படி ஒரு வாரப் பதிவை வைத்தே மேல்மண்ணின் குணம் தெரிந்துவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

அதே கணக்கை ஆண்டு அலைக்குப் போட்டுப் பார்ப்போம். இது கணக்குதான், உங்கள் மனையில் அளந்தது அல்ல. மாதச் சராசரி நம் பக்கம் தையில் 25 டிகிரியை ஒட்டியும் வைகாசியில் 31, 32ஐ ஒட்டியும் இருக்கும். மேலும் கீழும் மூன்றரை டிகிரி ஆட்டம் என்று எடுத்தால் 3 மீட்டரில் அது 1 டிகிரியாகச் சுருங்கிவிடும், 5 மீட்டரில் அரை டிகிரிக்கும் கீழே. தாமதம் 3 மீட்டரில் ஏறக்குறைய 70 நாள். மண்ணின் சராசரி 29 என்றால், 3 மீட்டரில் பங்குனி, சித்திரையில் 28, ஆவணியில் 30. கத்திரி தொடங்கும் நேரத்தில் அந்த ஆழம் இன்னும் தை மாதக் குளிரில்தான் இருக்கிறது. அழகான ஏற்பாடு. ஆனால் 28 டிகிரிதான் என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த 28ஐ வைத்து என்ன செய்யலாம்? காற்றை மண்குழாய் வழியாக இழுத்து வீட்டுக்குள் விடும் முறையை முதலில் பார்ப்போம். வைகாசிப் பகலில் 38 டிகிரிக் காற்று நீளமான குழாய் வழியாக வந்தால் 31, 32 டிகிரியாக வெளியே வரலாம். நல்ல குறைவுதான். ஆனால் கடலோரத்தில் அந்தப் பருவத்துக் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25, 26 டிகிரியில் இருக்கும். குழாய்ச் சுவர் 28, 29 என்றால் ஈரம் ஒரு சொட்டுகூடப் படியாது. காற்று குளிரும், ஈரம் அப்படியே உள்ளே வரும், புழுக்கம் குறையாது. அப்புறம் இரவில் வெளிக்காற்றே 28க்கு வந்துவிட்டால் குழாயால் ஒரு பலனும் இல்லை, சில இரவுகளில் அது காற்றைச் சூடாக்கும். ராஜஸ்தானின் வறண்ட காற்றில் இதே குழாய் நன்றாக உழைக்கிறது என்று கேள்விப்பட்டால் அது உண்மையாகவே இருக்கும். நம் காற்று வேறு.

அடுத்தது ஹீட் பம்ப். ஏசியின் வெளிப்பெட்டி சூட்டைக் காற்றில் தள்ளுவதற்குப் பதிலாக, போருக்குள் இறக்கிய குழாயில் ஓடும் தண்ணீரில் தள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது: 38 டிகிரிக் காற்றுக்குப் பதில் 29 டிகிரி மண். ஆனால் மண்ணுக்குள் சூடு இறங்க வேண்டுமென்றால் குழாய்த் தண்ணீர் மண்ணைவிடச் சூடாக இருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் வழக்கமாகக் கையாளும் வடிவமைப்பில், குளிரூட்டும் காலத்தில் மண்ணிலிருந்து இயந்திரத்துக்குத் திரும்பும் தண்ணீர் மண்ணைவிட 11 முதல் 17 டிகிரி வரை அதிகமாக இருக்கலாம் என்று வைத்துக் குழாய் நீளத்தை முடிவு செய்கிறார்கள். 29உடன் 11 கூட்டினால் 40. வெளிக்காற்றே 38! அந்த வித்தியாசத்தை 4, 5 டிகிரியாகக் குறைக்க வேண்டுமென்றால் போரின் நீளம் பல மடங்கு ஆகும். ஒன்றரை டன் ஏசி ஒன்று, கம்ப்ரசர் சூட்டையும் சேர்த்து, 6.8 கிலோவாட் அளவுக்கு வெளியே தள்ளுகிறது. மீட்டருக்கு 50 வாட் என்று வைத்தாலும் ஒரே ஒரு ஏசிக்கு 136 மீட்டர் போர்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. சுவிட்சர்லாந்தில் சூரிச் அருகே எல்க் என்ற ஊரில் 105 மீட்டர் ஆழக் குழாய் ஒன்றை 1986 முதல் நீண்ட காலம் அளந்தார்கள். ஒரு வீட்டைச் சூடாக்கும் குழாய் அது. முதல் சில ஆண்டுகளில் சுற்றியிருந்த மண் ஒன்று, இரண்டு டிகிரி குளிர்ந்து, பிறகு ஏறக்குறைய ஒரு நிலைக்கு வந்தது. ஒரு பக்கமாகவே எடுத்துக்கொண்டிருந்தால் மண் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். கோடையில் குளிரூட்டி, குளிர்காலத்தில் சூடாக்கும் ஊர்களில் உள்ளே தள்ளியதைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். நமக்குச் சூடாக்கும் காலமே கிடையாது. பங்குனியில் தொடங்கினால் ஐப்பசி வரை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்போம். சராசரியாக 3 கிலோவாட், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 240 நாள் என்றால் 5,760 யூனிட் வெப்பம். 60 மீட்டர் போரைச் சுற்றி 4 மீட்டர் தூரம் வரையிலான மண் மட்டும் அதை வாங்கிக்கொண்டு, வெப்பம் அதற்கு வெளியே போகவே இல்லை என்று வைத்தால், ஒரே ஆண்டில் ஏறக்குறைய மூன்று டிகிரி ஏறிவிடும். நிஜத்தில் கொஞ்சம் வெளியே பரவும், நிலத்தடி நீர் ஓடினால் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். மஞ்சக்குப்பத்து வண்டலில் நீரோட்டம் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். எவ்வளவு என்பது அளந்தால்தான் தெரியும்.

அதற்குத்தான் மூன்றாவது அளவீடு. 1983இல் மோகன்சன் என்ற சுவீடன்காரர் முன்வைத்த சோதனை இது. போருக்குள் U வடிவ வளைவுக் குழாயை இறக்கி, சுற்றியுள்ள இடைவெளியைக் கலவையால் அடைத்து, சில நாள் ஆற விட வேண்டும். பிறகு முதலில் சூடாக்காமல் தண்ணீரைச் சுழற்றி மண்ணின் இயல்பு வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, மாறாத மின்சக்தியில் ஹீட்டரைப் போட்டு இரண்டு நாளுக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். தண்ணீரின் வெப்பநிலையை நேரத்தின் இயல் மடக்கைக்கு எதிராக வரைந்தால், முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு நேர்கோடு வரும். அதன் சரிவில்தான் விடை இருக்கிறது. 80 மீட்டர் போரில் 4.8 கிலோவாட் என்றால் மீட்டருக்கு 60 வாட். சரிவு 2.1 என்று வந்தால், 60ஐ 12.57ஆலும் (அது 4π) 2.1ஆலும் வகுத்தால் மீட்டருக்கு டிகிரிக்கு 2.27 வாட். ஈரமான நல்ல மண் என்று அர்த்தம். கோடு நேராகப் போகாமல் போகப் போகப் படுத்துக்கொண்டால் நிலத்தடி நீர் ஓடி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்று புரிந்துகொள்ளலாம். மின்சாரம் மாறாமல் இருப்பது இதில் உயிர்நாடி. நம் தெருவில் மாலையில் வோல்டேஜ் இறங்கினால் ஹீட்டரின் சக்தியும் இறங்கும், கோடு கோணிவிடும். ஸ்டெபிலைசர் இல்லாமல் யாராவது இந்தச் சோதனையைச் செய்து அறிக்கை கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபின் கடலூரில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோவது பற்றிப் பேச்சு வலுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கேபிள் வேலைகளில் மண்ணை அளக்க ஊசி போன்ற ஒரு கருவி உண்டு. அதுவும் இதே கணக்குதான், சின்ன அளவில், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருமுறை நான் கார்த்திகை மழைக்குப் பிறகு அளந்த எண்ணைக் கொடுத்துவிட்டேன். மண் அப்போது நன்றாக ஈரமாக இருந்தது. சித்திரையில் கேபிளைச் சுற்றி மண் காய்ந்து, அந்தச் சூட்டிலேயே இன்னும் காய்ந்து, கேபிள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகச் சூடானது. சூடான பொருளைச் சுற்றி இருக்கும் ஈரம் விலகி ஓடும், ஓடினால் மண் இன்னும் மோசமாகக் கடத்தும், அதனால் இன்னும் சூடாகும். அது என் தவறு. கோடையில் திரும்பப் போய் அளந்திருக்க வேண்டும். வெப்பத்தை உள்ளே தள்ளும் குழாய்க்கும் இதே ஆபத்து உண்டு. நீர்மட்டத்துக்கு மேலே 2, 3 மீட்டரில் கிடைமட்டமாகப் பதிக்கும் குழாய்களுக்கு நான் சம்மதிக்காததற்கு அதுதான் காரணம். நீர்மட்டத்துக்குக் கீழே ஈரம் எங்கும் ஓடிவிடாது.

உங்கள் வீட்டுக்கு என்ன சொல்கிறேன் என்றால், குளிரூட்டுவதற்காக மண்ணை நம்பி இப்போதே பணம் போட வேண்டாம். புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே கட்டடத்தை வெளியிலிருந்தாவது ஒருமுறை பாருங்கள். சுவருக்குப் பதில் திறந்து மூடும் பட்டைகள், கூரைக்கு மேல் காற்று போகும் இடைவெளியோடு இன்னொரு அடுக்கு. ஏசி பரவுவதற்கு எவ்வளவோ முன்பு இதே கடல்காற்றை நம்பிக் கட்டியது. கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் நிழல் கொடுத்தால், உள்ளே வரும் சூடே குறையும். மண்குழாயால் கிடைக்கக்கூடியதைவிட அது பெரிய லாபம்.

ஆனால் அளவீட்டை மட்டும் விடாதீர்கள். ஏசி வெப்பத்தை முழுக்க மண்ணில் தள்ளாமல், பகல் உச்சத்தில் மட்டும் சில மணி நேரம் தள்ளி, மீதி நேரம் காற்றில் தள்ளும் கலப்பு ஏற்பாடு ஒன்று பிற்காலத்தில் உங்களுக்குப் பொருந்தலாம். அப்போது கையில் ஓராண்டுப் பதிவு இருந்தால் யார் வந்து 20 டிகிரி என்று சொன்னாலும் தாளை எடுத்துக் காட்டலாம். ஐப்பசி மழைக்கு முன் சென்சார்களை இறக்கிவிடுங்கள், மழைக்கு முன்பும் பின்பும் மண் எப்படி மாறுகிறது என்பது ஒரே பதிவில் கிடைக்கும். போர் போடுகிறவர் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் வெளியே கொட்டும் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து, ஆழம் எழுதி, தனித்தனிக் கவரில் கட்டி வையுங்கள். தரை போடுவதற்கு முன் சென்சார்க் கம்பிகள் போகும் வழியை வீட்டு வரைபடத்தில் குறித்துக் கொத்தனாரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் கடப்பாரையிலேயே கம்பி அறுந்துவிடும்.